தொண்டர்களுக்கு யார் காவல்?

மிரட்டல் வரும்போது களப்பணியாளர் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்கிறார்

1997 ஜூலை 4. அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவே உள்ள மாஜுலி தீவில் பணியாற்றிவந்த சஞ்சய் கோஷை உல்ஃபா தீவிரவாதிகள் கடத்திச் சென்றார்கள். அவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. நாற்பதைத் தொடாத வயது.

கோஷ் களத்துக்குப் புதியவர் அல்ல. ஆனந்தில் உள்ள ஊரக மேலாண்மைக் கழகத்தில் படித்தவர். ராஜஸ்தானில் பால் கூட்டுறவு ஒன்றியத்தின் துணையோடு உர்முல் அறக்கட்டளையை உருவாக்கி, பிகானேர் பாலைவனக் கிராமங்களில் பல ஆண்டுகள் உழைத்தவர். 1996இல் மாஜுலிக்குப் போனார்.

அந்தத் தீவின் தீராத நோய் மண்ணரிப்பு. கோஷின் குழு கிராமத்தாரைத் திரட்டி, உள்ளூரில் கிடைத்த பொருட்களைக் கொண்டு, சிரமதானமாகவே கரையின் ஒரு பகுதியைப் பலப்படுத்திக் காட்டியது. வேலை வெற்றி பெற்றதுதான் வினையாயிற்று. இவ்வளவு சொற்பச் செலவில் கரை நிற்குமென்றால் காண்ட்ராக்டர்கள் எதற்கு என்ற கேள்வி எழாமல் இருக்குமா? உல்ஃபாவோ அவரை உளவுத்துறை ஆள் என்று முத்திரை குத்தியது.

மக்களின் நம்பிக்கையே கவசம் என்பது தொண்டு நிறுவனங்களின் பழைய சித்தாந்தம். போலீஸ் ஜீப்பில் போய் இறங்கினால் அன்றோடு வேலை முடிந்தது என்பதும் உண்மைதான். ஆனால் மாஜுலியில் நேசித்தவர்கள் வேறு, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வேறு. 2004 ஜனவரியில் பிகாரின் கயா மாவட்டத்தில் சரிதா, மகேஷ் என்ற இரு களப்பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் அந்தக் கவசம் உதவவில்லை.

நமது சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'தன்னார்வத் தொண்டு' என்று சொல்லிவிட்டால் ஆபத்தையும் அவரே ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டார் என்றாகிவிடுகிறது. சம்பளம் தருபவரின் பொறுப்பு அந்தச் சொல்லுக்குள் எங்கோ மறைந்துபோகிறது.

அந்தப் பொறுப்பைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது பன்வாரி தேவியின் வழக்கு. ராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' ஊழியர் அவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்முறைக்கு ஆளானார். செய்யச் சொல்லப்பட்ட வேலையைச் செய்தார், அவ்வளவுதான். 1995இல் கீழ்க்கோர்ட் குற்றம்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதில் 1997 ஆகஸ்டில் விசாகா நெறிமுறைகள் பிறந்தன. அதன் வழியில் வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொண்டு நிறுவனங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வேலை நிமித்தம் ஊழியர் போகும் இடமெல்லாம், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டி உட்பட, பணியிடம்தான். 10 பேருக்குக் குறைவான அமைப்பு என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம்.

சட்டம் பாலியல் தொல்லைக்கு மட்டும்தான். மற்ற மிரட்டல்களுக்கு நிறுவனமே வழி செய்தாக வேண்டும். பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. யார், எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று எழுதிவைக்கும் ஒரு நோட்டு. வராவிட்டால் யாருக்கு முதலில் போன் என்ற ஏற்பாடு. கடன் வசூல் பணத்தோடு தனியே ஒருவரை அனுப்பாமை. மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அப்படியே எழுதிவைப்பது. "சும்மா பயமுறுத்துகிறான்" என்று சிரித்துத் தள்ளுவதுதான் நடைமுறை. மூன்றாவது மிரட்டலின்போது முதல் இரண்டும் யாருக்கும் சரியாக நினைவிருப்பதில்லை.

'நான் போகமாட்டேன்' என்று ஊழியர் சொல்ல முடிய வேண்டும், வேலை போகாமல். இதில் மிகவும் அடிபடுகிறவர் உள்ளூர்க்காரர்தான். நிலைமை முற்றினால் டெல்லியிலிருந்து வந்தவருக்கு ரயில் இருக்கிறது. உள்ளூர் ஊழியரின் வீடும் நிலமும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மிரட்டியவனின் தெருவிலேயே இருக்கின்றன. அவருக்கு இன்ஷூரன்ஸ்கூட இருப்பதில்லை.

இதற்கெல்லாம் பணம்? வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை அனுமதித்த சட்டம் 2020 திருத்தத்தில் அதை 20 சதவீதமாகக் குறைத்துவிட்டது. வாடகை, கணக்கர் சம்பளம், வக்கீல் பீஸ் எல்லாம் போக மிச்சத்தில்தான் பாதுகாப்புக்கும் ஒதுக்கவேண்டும்.