பிராசசர் மட்டும் மாறினால் போதுமா?

2017 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனம் ரைசன் பிராசசர்களைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதுவரை நடுத்தர விலையில் இன்டெல் ஐ5 வாங்கினால் கிடைத்தது நான்கு கோர்தான். அடுத்த மாதமே வந்த ரைசன் 5 1600, ஏறக்குறைய அதே பணத்துக்கு ஆறு கோரும் பன்னிரண்டு த்ரெட்டும் தந்தது. கையைக் கடிக்காத செலவில் கேமிங் கணினி அசெம்பிள் செய்ய நினைத்தவர்கள் பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

அந்தத் தலைமுறைக் கணினிகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இடையில் கிராபிக்ஸ் கார்டை மாற்றியிருப்பார்கள், எஸ்.எஸ்.டி. சேர்த்திருப்பார்கள். ஆனாலும் கூட்டம் நிறைந்த காட்சி வந்தால் கேம் திக்குகிறது. கடையில் கேட்டால், “பழைய செட்டு சார், மொத்தமா மாத்திடுங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மொத்தமாக மாற்றுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். குற்றவாளி உண்மையில் பிராசசர்தானா? ஆம் என்றால், இருக்கிற மதர்போர்டு எந்தப் பிராசசர் வரை ஏற்கும்? எதை வாங்குவது என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் அளந்து பாருங்கள்

கேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிராசசர்தான் முதலில் வேலை செய்கிறது. எந்த வீரர் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்ந்தது, சுவர் இடிந்ததா என்று கணக்குப் போட்டு, எதை வரைய வேண்டும் என்ற பட்டியலைக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கிறது. பரிமாறுகிறவர் எத்தனை சுறுசுறுப்பானவராக இருந்தாலும் அடுக்களையிலிருந்து குழம்பு வந்தால்தானே இலையில் விழும்? நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் முழு வேகத்தில் ஓட வேண்டுமென்றால் அது 7 மில்லிசெகண்டுக்கும் கீழே இறங்கிவிடும். அவகாசம் இப்படிச் சுருங்கும்போதுதான் பழைய பிராசசர் மூச்சுத் திணறுகிறது.

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, கேம் ஓடும்போதே கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைத் திரை மூலையில் காட்டச் சொல்லுங்கள். அது 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டு முழு மூச்சாக உழைக்கிறது என்று பொருள். அங்கே புதிய பிராசசர் போட்டும் பெரிய பலன் இருக்காது. ஃபிரேம்களுக்கு எந்த வரம்பும் வைக்காதபோதும் அது 50, 60 சதவீதத்தில் தடுமாறினால் கார்டு வேலைக்காகக் காத்துக்கிடக்கிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறையுங்கள். அதனால் கார்டின் சுமை வெகுவாகக் குறையும், பிராசசரின் சுமை அப்படியே இருக்கும். ஃபிரேம் எண்ணிக்கை ஏறாமல் அதே இடத்தில் நின்றால் தடை பிராசசர் பக்கம்தான்.

டாஸ்க் மேனேஜரில் “சி.பி.யூ. 40 சதவீதம்தானே ஓடுகிறது, அது எப்படிக் குற்றவாளியாகும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அது பன்னிரண்டு த்ரெட்டுகளின் சராசரி. பல கேம்களில் முக்கியமான வேலை ஒன்றிரண்டு த்ரெட்டுகள் மேலேயே விழுகிறது. அவை முழுக்க நிரம்பி வழியும்போது மற்றவை சும்மா இருப்பதால் சராசரி குறைவாகத் தெரிகிறது. வாலரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 போல அதிக ஃபிரேம் கேட்கும் கேம்களிலும், பெரிய நகரத்தையே உயிரோட்டமாகக் காட்டும் கேம்களிலும் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

பிராசசர்தான் என்று முடிவுகட்டும் முன் ரேமையும் பாருங்கள். ஒரே ஒரு 8 ஜி.பி. ரேம் போட்ட கணினியில் மெமரியின் இரண்டு பாதைகளில் ஒன்று மூடியே கிடக்கிறது. இரண்டு ரேம் போட்டிருந்தாலும் பயாஸில் எக்ஸ்.எம்.பி.-யை ஆன் செய்யாவிட்டால் 3200 என்று அச்சிட்ட ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கலாம். ரைசனில் கோர்களை இணைக்கும் உள்பாதையின் வேகமும் ரேமின் வேகத்தோடு கட்டுண்டது. காசு செலவில்லாத இந்தத் திருத்தம் சில நேரம் கடைக்குப் போகும் வேலையையே மிச்சப்படுத்திவிடும்.

எல்லாம் சாக்கெட்டின் கையில்

பிராசசர் உட்காரும் இடம் சாக்கெட். அது எத்தனை தலைமுறை தாங்குகிறது என்பதைப் பொறுத்தே செலவு கூடும், குறையும்.

இன்டெல்லின் 6, 7-ஆம் தலைமுறைச் சிப்புகள் 1151 முனைகள் கொண்ட சாக்கெட்டில் வந்தன. 2017 அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறைக்கும் அதே 1151 முனைகள்தான். ஆனால் அதற்கு 300 வரிசை சிப்செட் கொண்ட புதிய போர்டு வேண்டும் என்று இன்டெல் சொல்லிவிட்டது. அதனால் ஐ5-7400 வைத்திருப்பவர் அதிகபட்சம் ஏறக்கூடிய படி ஐ7-7700 வகைதான்: நான்கு கோர், எட்டு த்ரெட். பழைய சாக்கெட்டின் உச்சிச் சிப்பைத் தேடுவோர் எப்போதும் இருப்பதால் செகண்ட் ஹேண்டிலும் அதன் விலை லேசில் இறங்குவதில்லை. அந்தப் பணத்தைச் சேமித்துவைத்து போர்டோடு சேர்த்து மாற்றுவதே மேல்.

ஏ.எம்.டி.-யின் ஏ.எம்.4 கதை வேறு. 2017-இன் முதல் ரைசன் முதல் 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 வரிசை வரை டெஸ்க்டாப் ரைசன்கள் அத்தனைக்கும் அதே சாக்கெட். இதுவும் சண்டையில்லாமல் கிடைக்கவில்லை. 5000 வரிசை பழைய 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று 2020 மே மாதம் நிறுவனம் அறிவித்தது. பல போர்டுகளில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்.பி. மட்டுமே, எல்லாத் தலைமுறைக்கும் அதில் இடமில்லை என்பது அது சொன்ன காரணம். வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும் சில நாட்களிலேயே முடிவு மாறியது. 2022-இல், முதல் தலைமுறைக்கு வந்த பி350, எக்ஸ்370 போர்டுகளுக்கும் வழி திறந்தது. ஐந்து வருடப் பழைய போர்டுக்கு அப்படித்தான் மறுவாழ்வு கிடைத்தது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ரைசன் 5 1600-இலிருந்து ரைசன் 5 5600-க்கு மாறுவதை எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் 199 டாலருக்கு அறிமுகமான சிப் இது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட் என மூன்றும் பழையதில் இருந்தவையே. ஆனால் உள்ளே கட்டமைப்பு அடியோடு வேறு. 1600-இல் ஆறு கோர்களும் மூன்று மூன்றாகப் பிரிந்து, குழுவுக்கு 8 எம்.பி. கேஷ் மெமரியோடு நின்றன. ஒரு குழு மறு குழுவிடம் தகவல் கேட்டால் தாமதம். 5600-இல் ஆறு கோரும் ஒரே குழு, 32 எம்.பி. கேஷ் பொதுவில். உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 ஆக ஏறியது. வாட் கூடாததால் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மாற்றத் தேவையில்லை. பெட்டியிலேயே கூலரும் வருகிறது.

எண்தான் குழப்பும். ரைசன் 5 4500 என்ற பெயரைப் பார்த்தால் 3600-ஐவிட மேல் என்று தோன்றும். இரண்டும் ஒரே தலைமுறைக் கட்டமைப்பு. 3600-இல் 32 எம்.பி. கேஷ், 4500-இல் வெறும் 8. கேமில் 4500 பின்தங்கும். 5500-இலும் 5600ஜி-யிலும் 16 எம்.பி.தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு, உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட 5600ஜி நல்ல சிப். கார்டு வைத்திருப்பவருக்கு அது வீண்.

கேஷ் ஏன் இத்தனை முக்கியம் என்பதை 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி காட்டியது. வழக்கமான 32 எம்.பி. கேஷ் மேல் இன்னொரு 64 எம்.பி. அடுக்கை ஏற்றி மொத்தம் 96 எம்.பி. ஆக்கினார்கள். கேம் கேட்கும் தகவல் ரேம் வரை போகாமல் சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுவதால் காத்திருப்பு குறைந்தது. விலை 449 டாலர். 2024 ஜனவரியில் 5700எக்ஸ்3டி 249 டாலருக்கு வந்தது. இப்போது இவை கடைகளில் அருகிவிட்டன. கிடைத்தாலும், கூலர் தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள். கார்டு நடுத்தரமானது என்றால் 5600-ஏ தாராளம்.

பழையதைக் கழற்றும் முன்

மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் போர்டின் பெயரைத் தேடி, அது ஏற்கும் பிராசசர் பட்டியலையும் எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்பதையும் பாருங்கள். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். முந்திக்கொண்டு கழற்றிவிட்டால், புதுச் சிப்பை அடையாளம் தெரியாத போர்டு இருண்ட திரையோடு நிற்கும். புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் போர்டே முடங்கக்கூடும், அதனால் யூ.பி.எஸ்.-இல் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இயங்கிக்கொண்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சாவிகள் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கணினிகளில், சிப் மாறியதும் அந்தக் குறியீட்டைக் கேட்கும்.

ஏ.எம்.4 பிராசசரின் அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிமுனைகள். வருடக்கணக்கில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசையாய் ஒட்டிக்கொண்டிருக்க, கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், முனைகள் வளையும். கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கியபின் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுப்பதே முறை.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பிராசசரை மற்ற பாகங்களைவிட நம்பலாம், அது எளிதில் கெடுவதில்லை. முனைகள் நேராக உள்ளனவா என்று வெளிச்சத்தில் பார்த்து, கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறையில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அதிக மின்னழுத்தத்தால் அவற்றில் பல நிலைகுலைந்து, 2024-இல் இன்டெல் திருத்தம் வெளியிட்டு வாரன்டியையும் நீட்டிக்க நேர்ந்தது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கணக்கு எங்கே முடிகிறது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் முதல் தலைமுறை ரைசனும் இல்லை, இன்டெல்லின் 7-ஆம் தலைமுறையும் ஏறக்குறைய முழுதாக வெளியே. ஏ.எம்.4-காரர் ஒரு சிப்பை மாற்றினால் அந்தச் சிக்கலும் தீர்கிறது. புதிய ஏ.எம்.5 சாக்கெட்டுக்குப் போகிறவருக்குப் பிராசசர், போர்டு, டி.டி.ஆர்.5 ரேம் என்று மூன்று பில். அதிலும் 2025 கடைசியில் ஏ.ஐ. தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை எகிறியபிறகு, கையில் இருக்கும் டி.டி.ஆர்.4 ரேமுக்கே தனி மதிப்பு வந்துவிட்டது.

பிராசசர், தேவைப்பட்டால் கூலர், ஒரு ட்யூப் தெர்மல் பேஸ்ட் ஆகியவற்றை மட்டும் கூட்டிப் பாருங்கள். அது புதுக் கணினி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் தயங்காமல் மாற்றலாம், இன்னும் சில வருடம் ஓடும். போர்டும் ரேமும் பட்டியலில் ஏறிக்கொண்டு பாதி விலையைத் தொட்டுவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பழைய சாக்கெட்டில் இனி போடும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த கணினியின் பட்ஜெட்டிலிருந்து போவதுதான்.