பவுர்ணமி குப்பையில் பிறக்கும் கொசுப்படை!

அடுத்த பவுர்ணமிக்குள் கடிக்கத் தயார்

திருவண்ணாமலை,

கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். மலைக்குப் பின்பக்கம், அந்தப் பாதையில்தான் இருக்கிறது அடி அண்ணாமலை. பவுர்ணமிதோறும் கூட்டம் அலைமோதும். கூட்டம் கலைந்த பிறகு மிஞ்சுவது என்ன? டீ கப், இளநீர் கூடு, பிளாஸ்டிக் பை!

இதிலே என்ன ஆபத்து என்கிறீர்களா? ஒரு மழை பெய்தால் போதும், ஒவ்வொரு கப்பும் ஒரு குளம்! டெங்கு, சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு உள்ளங்கை அளவு நல்ல தண்ணீரே தாராளம். கார்த்திகை தீபக் கூட்டமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருவது கொசுவுக்குக் கொண்டாட்டம்.

கணக்கு இதுதான்

முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள். அது டெங்கு நோயாளியைக் கடித்தால், கிருமி அதன் உடம்பில் முதிர 8 முதல் 12 நாள். மொத்தம் சுமார் 3 வாரம். அடுத்த பவுர்ணமிக்கோ 29, 30 நாள் இருக்கிறது! ராத்திரி நடப்பவர் தப்பலாம். காலையிலும், பொழுது சாயும் முன்பும் நடப்பவர் கடிபடுவார். காய்ச்சலைச் சொந்த ஊருக்கே கொண்டு போவார்.

வெயிலிலும் விடாது

கோடை வந்தால் கொசு ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்கிறோமே, அதுவே அதற்கு வீடு. காய்ந்துபோன பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும்!

சாக்கடையில் வளர்வது வேறு கொசு. நெல் வயலில் வளர்வது இன்னொன்று. ஜப்பான் மூளைக்காய்ச்சலைப் பரப்புவது இந்த வயல் கொசுதான். இந்தியாவில் அந்த நோயாளிகள் முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், வேலூரில். அப்போது திருவண்ணாமலையும் அதே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.

என்ன செய்யலாம்?

புகை அடித்தால் பறக்கிற கொசு சாகும். தண்ணீரில் நெளியும் புழு சாகாது. எனவே வாரம் ஒரு நாள் டிரம், தொட்டியைக் கொட்டிக் கவிழ்த்து, உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு துணியால் வேடு கட்டி மூட வேண்டும். கிணற்றில் கப்பி மீன் விடலாம்.

ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அபூர்வம். உங்களைக் கடிக்கிற கொசு உங்கள் தெருவிலேயே பிறந்தது!

பவுர்ணமி முடிந்த மறுநாளே பாதையோரக் குப்பையை அள்ளிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. பக்தர்களே, குடித்த கப்பைத் தொட்டியில் போடுங்கள். அதுவும் ஒரு புண்ணியம்தான்!