கேம்ப் பள்ளிக் கூரைக்கு யார் பணம் தருவது?

புது தில்லி: புணே நகரின் கேம்ப் பகுதியில் அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு பள்ளியின் கூரை ஒழுகினால், அதைச் செப்பனிடுவதற்கான கோப்பு மும்பைக்குப் போக வேண்டுமா, தில்லிக்கு வர வேண்டுமா என்பதே முதல் கேள்வி. பள்ளியை நடத்துவது கன்டோன்மென்ட் வாரியம். அந்த வாரியம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. நாடு முழுவதும் பள்ளிக் கட்டடங்களுக்காக மத்திய அரசு ஒதுக்கும் நிதியோ கல்வி அமைச்சகத்திலிருந்து புறப்பட்டு மாநில அரசு வழியாகச் செல்கிறது. இரண்டு அமைச்சகங்களுக்கும் ஒரு மாநில அரசுக்கும் இடையே அந்தக் கூரை நிற்கிறது.

கேம்ப் ஏழைகள் மட்டும் வாழும் பகுதி அல்ல. 1817-ல் கட்கி போரில் பேஷ்வா படை தோற்ற பிறகு ஆங்கிலேயர் அமைத்த படைவீடு அது. மராட்டியர் இன்றும் லஷ்கர் என்றே அழைக்கின்றனர். மகாத்மா காந்தி சாலை, ஈஸ்ட் ஸ்டிரீட் ஆகியவற்றின் கடைவீதிகள் புணே முழுவதற்கும் தெரிந்தவை. 1864-ல் தொடங்கிய பிஷப்ஸ் பள்ளியும், 1867-ல் இயேசு சபையினர் தொடங்கிய செயின்ட் வின்சென்ட் பள்ளியும் இங்கேதான் உள்ளன. ராணுவத்தின் தென் பிராந்தியத் தலைமையகமும் புணேயில்தான் இருக்கிறது. படையோடும் படை சார்ந்த வேலைகளோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கேம்பில் வாழ்கின்றன. கட்டணப் பள்ளிகளின் வாசலை எட்ட முடியாத கடைச் சிப்பந்தி, துப்புரவுத் தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் பெண் ஆகியோரின் பிள்ளைகளுக்கு வாரியப் பள்ளியே கதி. 2011 கணக்கெடுப்பின்படி புணே கன்டோன்மென்டின் மக்கள்தொகை சுமார் 72 ஆயிரம். ஒரு நடுத்தர நகராட்சிக்குரிய அளவு அது.

சட்டம் இந்தப் பிள்ளைகளை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1924-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2006-ம் ஆண்டு கன்டோன்மென்ட் சட்டம், தொடக்கப் பள்ளிகளை அமைப்பதையும் பராமரிப்பதையும் வாரியத்தின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 10-வது பிரிவு, மானியம் பெறுவதற்கும், கல்வி உள்ளிட்ட மத்திய அரசுத் திட்டங்களை நிறைவேற்றுவதற்கும் வாரியத்தை ஒரு நகராட்சியாகக் கருத வேண்டும் என்கிறது. 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று அட்டவணை போட்டு, மூன்றாண்டுக் கெடுவும் விதித்தது. 2013 மார்ச் மாதத்தோடு அந்தக் கெடு முடிந்தது. பள்ளியைத் தன் நிர்வாகத்தில் வைத்திருக்கும் எந்த அமைப்பும் அச்சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புதான். ஆகவே கன்டோன்மென்ட் வாரியமும் விலக்குக் கோர முடியாது. கடமையை எழுதியவர்கள் கஜானாவை எழுதவில்லை என்பதுதான் குறை.

பள்ளிக் கட்டடத்துக்கு மத்திய அரசு பணம் தருவது பழைய கதை. 1987-ல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம், தொடக்கப் பள்ளி என்றால் குறைந்தது இரண்டு அறைகளாவது வேண்டும் என்றது. அந்த அறைகளைக் கட்டும் செலவுக்கு ஊரக வேலைவாய்ப்புத் திட்டங்களின் பணத்தைக் காட்டினார்கள். அதன் பின் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் கட்டுமானத்துக்கென்றே ஒரு பங்கை ஒதுக்கியது. மொத்தச் செலவில் 33 சதவீதத்துக்கு மேல் அது போகக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்தது. புதிய பள்ளி, கூடுதல் வகுப்பறை, கழிப்பறை என்று நாடு முழுவதும் எழுந்த கட்டடங்கள் அந்தக் காலத்தின் சாதனை. அதில் சந்தேகமில்லை. ஆனால், இருக்கிற கட்டடத்தைக் காப்பாற்றும் செலவு அன்றும் கடைக்குட்டிதான். திறப்பு விழா நடத்தக் கல்வெட்டு இல்லாத செலவு அது.

2018-ல் பழைய திட்டங்களை ஒன்றாக்கி ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்பது பெரும்பாலான மாநிலங்களுக்கான விகிதம். அதில் பள்ளிக்கு ஆண்டுதோறும் தரப்படும் ஒருங்கிணைந்த மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு 10 ஆயிரம், 100 வரை 25 ஆயிரம், 250 வரை 50 ஆயிரம், ஆயிரம் வரை 75 ஆயிரம், அதற்கு மேல் ஒரு லட்சம் ரூபாய் என்று வகுத்தார்கள். 300 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 75 ஆயிரம் கிடைக்கும். குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும். மின் கட்டணம், சுண்ணக்கட்டி, பதிவேடு, உடைந்த குழாய், ஒழுகும் தொட்டி எல்லாம் மீதிப் பணத்தில். கம்பி துருப்பிடித்து மேல்தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழும் கட்டடத்துக்கு இது எந்த மூலைக்கு? பெரிய பழுதுக்கும் புதிய கட்டடத்துக்கும் மாநிலம் தனியே ஆண்டுத் திட்டத்தில் சேர்த்துக் கேட்க வேண்டும். மாநிலத்தின் பட்டியலில் மாவட்ட ஊராட்சிப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் நெருக்கியடித்து நிற்கும்போது, தில்லியின் பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் சொந்தமான வாரியத்தின் பள்ளிக்கு முன்வரிசை கிடைப்பது அரிது.

அப்படியானால் வாரியமே கட்டிக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அது முடிந்திருக்கும். கேம்பின் கடைவீதிகளுக்கு வந்து போகும் சரக்கும் வாகனமும் வாரியத்துக்கு வருவாய் தந்தன. 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி வந்ததும் நுழைவு வரிகள் அதில் கரைந்தன. மாநகராட்சிகளின் இழப்பை ஈடுகட்ட மகாராஷ்டிர அரசு அதே ஆண்டு தனிச் சட்டம் இயற்றியது. கன்டோன்மென்ட் வாரியங்களோ தங்கள் பங்கைக் கேட்டு மும்பைக்கும் தில்லிக்கும் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தன.

இரண்டாவது வருவாய் இன்னும் விசித்திரமானது. மத்திய அரசின் சொத்துகளுக்கு உள்ளாட்சி வரி விதிக்க அரசமைப்புச் சட்டத்தின் 285-வது பிரிவு தடை விதிக்கிறது. கன்டோன்மென்டில் நிலத்தின் பெரும்பகுதி ராணுவத்தினுடையது. எனவே வரிக்கு ஈடாகச் சேவைக் கட்டணம் என்று ஒன்றைப் பாதுகாப்பு அமைச்சகம் தர வேண்டும். அது நிலுவையில் நிற்பது புணேயில் மட்டும் அல்ல, பல கன்டோன்மென்ட்களில் தீராத வழக்கு. சாலையும் குப்பையும் வாரியத்தின் பொறுப்பு. அதற்கான கட்டணத்தைத் தர வேண்டியவரும் வாரியத்தின் மேலதிகாரியும் ஒரே அமைச்சகம். கடன்காரரிடமே கைகட்டி நிற்கும் நிலை என்று இதைச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பற்றாக்குறையை அடைக்க அமைச்சகம் தரும் மானியத்தில் ஊதியமும் ஓய்வூதியமும் முதல் பந்தி. மருத்துவமனை, குடிநீர், கழிவுநீர் எல்லாம் அடுத்த பந்தி. பள்ளிக் கட்டடத்துக்கு இலை போடும் முன்பே சோறு தீர்ந்துவிடுகிறது.

15-வது நிதிக்குழு, மாநிலத்துக்குள் அமைந்த கன்டோன்மென்ட்களுக்கும் மக்கள்தொகை அடிப்படையில் உள்ளாட்சி மானியத்தில் பங்கு தர வேண்டும் என்றது நல்ல பரிந்துரை. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி குடிநீர், துப்புரவு போன்ற இனங்களுக்கு என்று முடிச்சுப் போடப்பட்டது. வகுப்பறைக் கூரை அந்த முடிச்சுக்குள் வராது.

2021 மார்ச் மாதத்தில் பத்து நாள் இடைவெளியில் கேம்பில் இரண்டு பெரும் தீ விபத்துகள் நடந்தன. முதலில் பழைய சிவாஜி சந்தை; பிறகு நூற்றுக்கணக்கான சிறுகடைகள் நெருங்கிக் கிடந்த ஃபேஷன் ஸ்டிரீட். இரண்டும் நேர்ந்தது கடைகள் மூடியிருந்த நேரத்தில். சந்தையைக் காக்க வேண்டிய வாரியம்தான் பள்ளியையும் காக்க வேண்டிய வாரியம் என்பதை நினைத்தால் மனம் பதறாமல் இருக்காது.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் 94 குழந்தைகள் கருகினர். அந்தத் துயரத்தையொட்டிய பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கூறி, தீயணைப்புக் கருவிகளையும் கட்டடச் சான்றுகளையும் கட்டாயமாக்கியது. 2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். 2025 ஜூலை 25-ல் ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டம் பிப்லோதியில் அரசுப் பள்ளிக் கூரை இடிந்து ஏழு குழந்தைகள் மாண்டனர். மறுநாளே பள்ளிகளின் பாதுகாப்பைத் தணிக்கை செய்யுமாறு எல்லா மாநிலங்களுக்கும் மத்திய கல்வி அமைச்சகம் உத்தரவிட்டது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் தணிக்கை உத்தரவு வருகிறது. தணிக்கையில் தகுதியற்றது என்று தெரியவரும் அறைக்கு மாற்றாக அறை கட்டும் பணம் அந்த உத்தரவோடு வருவதில்லை. அதனால் கீழ்நிலை அதிகாரி இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது. அறையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைக்கலாம். அல்லது தகுதியுள்ளது என்று கையெழுத்துப் போடலாம்.

திருநெல்வேலி விபத்துக்குப் பிறகு தமிழகம் வேறு வழியில் சென்றது. 2022-ல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்தாண்டுகளில் 7 ஆயிரம் கோடி ரூபாய் என்று இலக்கு வைத்தது. மாநிலம் தன் பணத்தை எடுத்து வைக்க முடிந்ததால் இது சாத்தியமானது. தில்லியின் பணத்தை மட்டும் நம்பியிருந்தால் என்னாகும் என்பதையும் தமிழகமே பார்த்தது. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் சேரவில்லை என்ற காரணத்தால் 2024-25-க்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். கட்டடத்துக்கு அந்த விவாதம் புரியாது.

பணக்கார நாடுகளும் இதில் யோக்கியம் இல்லை. இங்கிலாந்தில் எல்லா உயர்நிலைப் பள்ளிகளையும் புதுப்பிக்கத் தொழிற்கட்சி அரசு தொடங்கிய பெருந்திட்டத்தை 2010 ஜூலையில் அடுத்த அரசு நிறுத்தியது. 2023 ஆகஸ்ட் இறுதியில், பள்ளி திறக்கச் சில நாள்களே இருக்கும்போது, காற்றுக்குமிழிக் கான்கிரீட் கூரைகள் விழக்கூடும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். ஆனால் அங்கே பெற்றோர் தட்டுவதற்கு ஒரு கதவாவது தெரிந்திருந்தது.

கேம்பில் அதுவும் இல்லை. வாரியத்துக்கு மக்கள் கடைசியாக வாக்களித்தது 2015 ஜனவரியில். நீட்டிப்புகளும் முடிந்து 2021 பிப்ரவரியில் உறுப்பினர்களின் பதவிக்காலம் ஓய்ந்தது. அதன் பின் ராணுவ அதிகாரி தலைவராகவும், தலைமை நிர்வாக அதிகாரியும் ஒரு நியமன உறுப்பினரும் உடனிருக்கும் மாற்று வாரியம் வந்தது. 2023 ஏப்ரல் 30-ல் 57 கன்டோன்மென்ட்களுக்குத் தேர்தல் என்று அறிவித்த அமைச்சகம், மார்ச் மாதத்திலேயே அதை ரத்து செய்தது. சட்டப்பேரவைக்கும் மக்களவைக்கும் வாக்களிக்கும் கேம்ப் மக்கள், தங்கள் பள்ளியை நடத்தும் அமைப்புக்கு வாக்களிக்க வழியில்லை.

தேர்தல் ரத்தானதன் பின்னணியில் இருப்பது இணைப்பு யோசனை. கன்டோன்மென்ட்களின் குடிமக்கள் பகுதிகளைப் பக்கத்து நகராட்சிகளோடு சேர்ப்பது என்று முடிவெடுத்த மத்திய அரசு, 2023 ஏப்ரலில் இமாசலப் பிரதேசத்தின் யோல் கன்டோன்மென்டில் அதைத் தொடங்கியது. குடிமை வசதிகளுக்கான சொத்துகள் விலையின்றி மாநிலத்துக்குத் தரப்படும் என்று 2024-ல் வழிகாட்டுதலும் வந்தது. மகாராஷ்டிரத்தின் ஏழு கன்டோன்மென்ட்களுக்கும், தமிழகத்தின் பரங்கிமலை-பல்லாவரம், வெலிங்டனுக்கும் பொருந்தும் விஷயம் இது. மாநகராட்சியின் கைக்குப் போனால் கேம்ப் பள்ளிகளுக்கு மாநில நிதியின் வாசல் திறக்கலாம். ஆனால் இலவசமாக வரும் கட்டடத்தோடு அதன் விரிசலும் இலவசமாக வரும். கை மாறும் முன் ஒவ்வொரு பள்ளியையும் பொறியாளர் பார்த்து, எது பழுதுக்கு உரியது, எது இடித்துக் கட்டுவதற்கு உரியது என்று எழுதி, இடிக்க வேண்டியவற்றின் செலவைப் பாதுகாப்பு அமைச்சகம் ஏற்பதே முறை. இத்தனை ஆண்டுகள் அந்தக் கட்டடங்கள் அதன் பொறுப்பில்தான் இருந்தன.

அதற்குள் ஒரு சின்ன ஏற்பாட்டையாவது செய்யலாம். கோடை விடுமுறையில்தான் பள்ளிக் கூரையில் வேலை செய்ய முடியும். புதிய நிதியாண்டின் முதல் தவணையோ தில்லியிலிருந்து இறங்கி வர மாதங்களாகிவிடும். பழுதுபார்ப்புப் பணத்தை மட்டும் முந்தைய நிதியாண்டிலேயே விடுவித்து, ஜூன் வரை செலவழிக்க அனுமதித்தால் போதும். புணேயில் பள்ளி திறப்பதும் பருவமழை இறங்குவதும் வழக்கமாக ஜூன் நடுவில், ஏறக்குறைய ஒரே வாரத்தில்.