வாதம் (நோய்ப் பெயர்)

வாதம் என்பது உடலுறுப்புகளின் இயக்கம் குன்றுவதையோ முடங்குவதையோ காட்டும் பல நோய்களின் பெயர்களில் இறுதியில் வரும் சொல்லாகும். பக்கவாதம், முகவாதம், இளம்பிள்ளை வாதம், பெருமூளை வாதம், நடுக்குவாதம், முடக்குவாதம் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. பெயரில் ஒத்திருந்தாலும் பாதிக்கப்படும் இடம், காரணம், சிகிச்சை ஆகிய மூன்றிலும் இவை வேறுபட்டவை. இவற்றுள் முடக்குவாதம் நரம்பு மண்டல நோயே அன்று.

சொல்லின் பின்னணி

சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் அடிப்படையில் விளக்குகிறது. இவை தமிழில் வளி, அழல், ஐயம் எனப்படும். திருக்குறளின் மருந்து அதிகாரமும் இம்மூன்றில் வளியை முதலாவதாக வைக்கிறது. உடலின் அசைவுக்கு வளியே பொறுப்பு என்று கருதப்பட்டதால், கை கால் முடங்குதல், நடுக்கம், மூட்டுவலி போன்றவை வாத நோய்களாக வகுக்கப்பட்டன. இது வெளியே தெரியும் அறிகுறியைக் கொண்டு அமைந்த பகுப்பாகும். நவீன மருத்துவமோ பாதிப்பு எங்கே, எதனால் ஏற்பட்டது என்பதைக் கொண்டு நோய்களைப் பிரிக்கிறது. பழைய பெயர்களே புதிய பகுப்புக்கும் வழங்கியதால், தொடர்பற்ற பல நோய்கள் ஒரே சொல்லின் கீழ் வந்தன.

பக்கவாதம்

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி சேதமடைவது பக்கவாதம் ஆகும். இலங்கையில் இது பாரிசவாதம் எனப்படுகிறது. மூளையின் இடப்பகுதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பகுதி இடப்பக்கத்தையும் இயக்குவதால், பாதிப்பு எதிர்ப்பக்கக் கை கால்களில் தெரியும்.

இப்பெயர் உடலின் ஒரு பக்கம் செயலிழக்கும் அறிகுறியையும், அதற்குக் காரணமான மூளைப் பாதிப்பையும் சேர்த்தே குறிக்கிறது. ஆனால் கை கால் முடங்காமலும் இப்பாதிப்பு வரலாம். திடீரெனப் பேச்சுக் குழறுதல், பிறர் சொல்வது புரியாமற்போதல், பார்வை மறைதல், நிலைதடுமாறுதல் ஆகியவையும் இதன் அறிகுறிகளே. சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடும் அறிகுறிகளும் பெரிய பாதிப்புக்கு முன்னெச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

முகவாதம்

முகத் தசைகளை இயக்கும் ஏழாவது மண்டை நரம்பு பாதிக்கப்படுவதால் முகத்தின் ஒரு பக்கம் தளர்வது முகவாதம் ஆகும். இதன் பரவலான வகை, இந்நரம்பை ஆராய்ந்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயரால் அழைக்கப்படுகிறது. பக்கவாதத்திலும் வாய் கோணுவதால் இரண்டும் குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பகுதிகளிலிருந்தும் ஆணை வருகிறது. ஆகவே பக்கவாதத்தில் வாய் கோணினாலும் பெரும்பாலும் நெற்றியைச் சுருக்க முடியும். முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது, கண்ணிமையும் முழுமையாக மூடாது. கை கால் பலவீனம் இராது. பெரும்பாலோர் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் குணமடைகின்றனர். எனினும் இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் பணி. திடீரென வாய் கோணினால் பக்கவாதமாக இருக்கலாம் என்று கொண்டே செயற்பட வேண்டும்.

இளம்பிள்ளை வாதம்

போலியோ வைரசு தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களை அழிப்பதால் இது ஏற்படுகிறது. பாதிக்கப்பட்ட கை அல்லது கால் துவண்டு மெலியும், ஆனால் தொடுவுணர்வு கெடுவதில்லை. தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே முடக்கம் வருகிறது. சிறு குழந்தைகளை அதிகம் தாக்குவதால் இப்பெயர் பெற்றாலும், தடுப்பாற்றல் இல்லாத பெரியவர்களுக்கும் வரக்கூடும். ஜோனாஸ் சால்க்கின் ஊசித் தடுப்பு மருந்து 1955-இல் பயன்பாட்டுக்கு வந்தது. வாய்வழிச் சொட்டு மருந்தை உருவாக்கியவர் ஆல்பர்ட் சாபின். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரசால் ஏற்பட்ட கடைசிப் பாதிப்பு 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தில் பதிவானது.

பெருமூளை வாதம்

கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சில காலத்திலோ வளரும் மூளையில் ஏற்படும் சேதம் இதற்குக் காரணம். இளம்பிள்ளை வாதத்தில் தசைகள் துவளும், இதிலோ பெரும்பாலும் விறைத்து இறுகும். இது தொற்றுநோயன்று. மூளையின் சேதம் நாளடைவில் கூடுவதும் இல்லை. இயக்கம் பாதிக்கப்பட்டாலும் அறிவுத்திறன் குறையாத குழந்தைகள் பலர் உள்ளனர்.

நடுக்குவாதம்

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விவரித்ததால் இது பார்க்கின்சன் நோய் எனவும் வழங்கும். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதே இதன் அடிப்படை. ஓய்வாக இருக்கும்போது கை நடுங்குதல், அசைவுகள் மெதுவாதல், தசை இறுக்கம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். பெயரில் வாதம் இருந்தாலும் உறுப்புகள் செயலிழந்து போவதில்லை. எல்லா நடுக்கமும் இந்நோயன்று, நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வரலாம். டோபமைனாக மாறும் லெவோடோப்பா இதற்கான முதன்மை மருந்து.

முடக்குவாதம்

உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் வரும் அழற்சி நோய் இது. மூட்டுகள் வீங்கி, காலையில் நெடுநேரம் விறைத்திருக்கும். வலியாலும் மூட்டுச் சிதைவாலும் அசைவு குறைகிறதே தவிர, இயக்க நரம்புகள் செயலிழப்பதால் அன்று.

பெயர்க் குழப்பத்தின் விளைவு

எல்லா வாதமும் ஒன்றே என்ற எண்ணம் பக்கவாதத்தில் பெருந்தீங்கு செய்கிறது. இரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். இரத்தக் கசிவு இருந்தால் அதே மருந்து ஆபத்தாகும் என்பதால், முதலில் மூளையைச் சி.டி. ஸ்கேன் செய்து பார்ப்பது கட்டாயம். எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதிலும் விடியும்வரை காத்திருப்பதிலும் இந்நேரம் கடந்துவிடுகிறது. முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும். இதற்கான எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.