டெர்மினலில் யூரோவின் விலை

1996-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு அன்றாட நாணய மாற்று விகிதம் தேவைப்பட்டது. ஐஆர்சி அரட்டை அறை ஒன்றில் அவர் ஒரு பாட் நடத்திவந்தார். யாராவது கேட்டால் ஒரு நாட்டுப் பணத்தின் மதிப்பை இன்னொரு நாட்டுப் பணத்தில் அது சொல்ல வேண்டும் என்று விரும்பினார். விகிதங்கள் ஒரு வலைப்பக்கத்தில் வெளியாகிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தை ஆள் உட்காராமலே எடுத்துவர, பிரேசிலின் ரஃபேல் சகூலா எழுதியிருந்த சில நூறு வரி நிரல் ஒன்றை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். அதுதான் இரண்டு முறை பெயர் மாறி, 1998 மார்ச் 20 அன்று கர்ல் என்று வெளிவந்தது. 2018 முதல் அது விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. வலை ஏபிஐயோடு பேசும் கமாண்ட் லைன் நிரல் எழுதக் கற்பவர்கள் பலரும் முதலில் தட்டிப் பார்ப்பது இதைத்தான்.

பணத்தின் மதிப்பைக் கேட்டுச் சொல்லும் நிரல் கற்பதற்கு இன்றும் நல்ல பயிற்சி. சின்ன வேலை, ஆனால் எல்லாமே அதில் இருக்கிறது. அன்று அதை எழுதியவர் என்ன கற்க வேண்டியிருந்தது, இன்று எழுதுபவர் என்ன கற்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், பாதி நிரல் அடியோடு மாறியிருப்பதும் மறு பாதி அப்படியே இருப்பதும் தெரியும்.

நம் ஊரில் இணையம் வந்த வழியே கமாண்ட் லைன்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, சென்னை மாணவர்களின் கைக்கு எட்டியது ஷெல் கணக்கு. மோடம் இணைந்ததும் கண் முன்னால் வருவது யூனிக்ஸ் பிராம்ப்ட். படங்கள் கிடையாது, லிங்ஸ் பிரவுசரில் எழுத்து மட்டும். டெல்நெட்டில் ஒரு சர்வரின் 80-ஆம் எண் போர்ட்டைத் திறந்து, ‘கெட்’ என்று தொடங்கும் ஒரே வரியைக் கையால் தட்டி, ஒரு வெற்று வரி விட்டால் பக்கம் கொட்டும். எச்டிடிபி 1.0-இன் ஆவணம் 1996 மே மாதம் வெளியானது. அதைப் படித்த எவரும் சர்வரோடு நேரடியாகப் பேசலாம். கோரிக்கை எது, ஹெடர் எது, உடல் எது என்பதைத் தனியாக யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். வந்து விழுவது மனிதக் கண்ணுக்காகச் செய்த பக்கம். விளம்பரம், தலைப்பு, அட்டவணைக்குள் அட்டவணை. அதற்குள் எங்கோ டாலரின் விலை. பெர்லில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதி, ‘டாலர்’ என்ற சொல்லுக்குப் பின்வரும் மூன்றாவது கட்டத்தின் எண்ணைப் பிடுங்க வேண்டும். பக்கத்தை நடத்துபவர் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும், நிரல் வாய் கூசாமல் யென்னின் விலையை டாலரின் விலை என்று சொல்லும். நின்றுபோன நிரலைக் கவனித்துவிடலாம். தவறாகச் சொல்லும் நிரலைக் கண்டுபிடிக்க வாரங்கள் ஆகலாம். அந்தக் காலத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவோர் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் ஏக்கம் இல்லை.

இடைக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2000-இல் ராய் ஃபீல்டிங்கின் முனைவர் பட்ட ஆய்வேடு ரெஸ்ட் என்ற வடிவத்துக்குப் பெயர் கொடுத்தது. 2002-இல் கூகுள் தன் தேடலை நிரல்களுக்குத் திறந்தது: ஒரு கீ, நாளுக்கு 1,000 கேள்விகள், எல்லாமே சோப் என்ற நெறிமுறையின் உறைக்குள் எக்ஸ்எம்எல். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு பக்க உறை என்பதால் கற்பவர்கள் திணறினார்கள். டக்ளஸ் கிராக்ஃபோர்டு முன்வைத்த ஜேசன் என்ற தரவு வடிவம் அந்தச் சுமையை இறக்கியது. 2006-இல் அது ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது.

இப்போது யூரோவுக்கு வருவோம். ஸ்டென்பெர்க் தேடிய காலத்தில் அந்த நாணயமே பிறந்திருக்கவில்லை. இன்று ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் மாலை 4 மணியையொட்டி வெளியிடும் விகிதங்களை ஃபிராங்ஃபர்ட்டர் என்ற இலவச ஏபிஐ கீ கேட்காமலே தருகிறது. பைத்தானும் 2011-இல் வந்த ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியும் இருந்தால் சில வரிகள் போதும். பதிலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர் இருக்கிறது. ரூபாயின் மதிப்பு ரூபாயின் குறியீட்டுக்குக் கீழேதான் வரும், இடம் மாறாது. ஞாயிற்றுக்கிழமை கேட்டால் வெள்ளிக்கிழமைத் தேதியோடு பதில் வரும். நிரல் அந்தத் தேதியையும் சேர்த்து அச்சிட வேண்டும். எண்ணை மட்டும் காட்டி நின்றால் பார்ப்பவர் அதை இன்றைய விலை என்றே நம்பிவிடுவார்.

எடுப்பது எளிதானதும் கஷ்டம் அனுமதியின் பக்கம் நகர்ந்துவிட்டது. அன்றைய ஸ்கிரிப்ட் யாருடையது என்று சர்வர் கேட்கவில்லை. இன்று பெரும்பாலான ஏபிஐகள் கேட்கின்றன. அடையாளம் காட்டாமல் வருபவருக்கு கிட்ஹப் ஒரு மணி நேரத்துக்கு 60 கோரிக்கைகளே அனுமதிக்கிறது. டோக்கனோடு வந்தால் 5,000. ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’ என்று சொல்லும் 429 என்ற எண்ணே 2012-இல்தான் ஆர்எஃப்சியில் சேர்ந்தது. ஆகவே இன்றைய பாடத்தில் நிரலுக்கு முன்னால் கீ வருகிறது. கீயை நிரலுக்குள் எழுதாதே, என்விரான்மென்ட் வேரியபிளில் வை, தப்பித் தவறிக்கூட கிட்டில் ஏற்றிவிடாதே. கற்பவருக்கு இதெல்லாம் சலிப்பாக இருக்கும். ஆனாலும் இந்த ஒழுங்கை முதல் நாளிலேயே கற்பிப்பதுதான் சரி என்று உறுதியாக நினைக்கிறேன்.

மாறாத பாதி டெர்மினலின் பக்கம். டக்ளஸ் மெக்கில்ராய் வற்புறுத்தி, கென் தாம்ப்சன் 1973-இல் யூனிக்ஸில் சேர்த்த பைப் இன்றும் அதே குறிதான். விடை ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் போக வேண்டும், புகார் ஸ்டாண்டர்டு எரரில் போக வேண்டும், வெற்றி என்றால் முடிவு எண் பூஜ்யம். அன்று பெர்லில் எழுதியவருக்கும் இன்று பைத்தானில் எழுதுபவருக்கும் இதே சட்டம்தான்.

கற்க வேண்டியதன் சாரம் இந்த இரண்டு பாதிகளும் சேரும் தையலில் இருக்கிறது. வலை தன் தோல்வியை 404, 429, 500 என்று சொல்கிறது. ஷெல்லுக்கு அந்த மொழி தெரியாது. கர்ல்கூட, பக்கம் இல்லை என்று 404 வந்தாலும் பூஜ்யத்தோடுதான் முடியும். பதில் ஒன்று வந்து சேர்ந்துவிட்டது, அதன் கணக்கில் வேலை முடிந்தது. தோல்வியைத் தோல்வியாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஃபெயில்’ என்ற ஆப்ஷனை நாம் சேர்க்க வேண்டும். இரவில் தானாக ஓடும் ஒரு நிரல் பிழைச் செய்தியையே விகிதம் என்று கோப்பில் எழுதிவைத்தால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். வலையின் எண்ணை ஷெல்லின் எண்ணாக மாற்றுவது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. எந்த லைப்ரரியும் அதை முழுதாக ஏற்றுக்கொள்வதில்லை.

இப்போது ஏஐயிடம் சொன்னால் முழு நிரலும் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எச்டிடிபிஎஸ் பரவிய பிறகு டெல்நெட்டில் கையால் பேசும் பழக்கம் போய்விட்டது. எச்டிடிபி 2 கண்ணால் படிக்கும் எழுத்தாகக்கூடப் பயணிப்பதில்லை. போகும் கோரிக்கையும் வரும் ஹெடரும் கற்பவரின் கண்ணில் படவே வாய்ப்பில்லை. அதனால் நிரல் எப்படி வந்திருந்தாலும், அதே கோரிக்கையை ஒரு முறை கர்லின் ‘வெர்போஸ்’ ஆப்ஷனோடு ஓட்டி, திரையில் வருவதை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு மாற்றமும் உண்டு, அது பெரியது. அன்று தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, டாப், டாம் என்ற குறியாக்கங்களிலும், ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்தமான எழுத்துருக்களிலும் கிடந்தன. நிரலால் எடுத்துவந்தாலும் டெர்மினலில் குப்பைதான் தெரியும். இன்று தமிழ் விக்கிப்பீடியாவின் ஏபிஐயிடம் ஒரு கட்டுரைத் தலைப்பைக் கேட்டால் யுனிகோடு வருகிறது. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் கணினிக்கு 5 குறியீடுகள், யுடிஎஃப்-8-இல் 15 பைட்டுகள், முகவரியில் ஏற்றும்போது 45 எழுத்துகள். பதில் எழுத்தாக வராமல் சாய்கோடும் எண்களுமாக வந்து பயமுறுத்தினால், ‘ஃபார்மட்வெர்ஷன்’ என்பதற்கு 2 என்று கொடுத்தால் தீரும்.

தீராதது ஒன்று இருக்கிறது. பல டெர்மினல்கள் தமிழ் எழுத்தின் அகலத்தை இன்னும் சரியாகக் கணக்கிடுவதில்லை. பத்தி பத்தியாக அச்சிட்டால் வரிசை கோணலாகிறது, சில இடங்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கின்றன. இதை நம் நிரலுக்குள் எத்தனை வித்தை செய்தும் சரிசெய்ய முடியாது. டெர்மினலை உருவாக்குபவர்கள்தான் திருத்த வேண்டும். அவர்கள் திரையில் தமிழ் ஓடுவதை அவர்கள் பார்ப்பதில்லை, நாம் பார்க்கிறோம். எனவே படம் பிடித்து, எந்தச் சொல், எந்தப் பதிப்பு என்று எழுதி, பிழை அறிக்கையாக அனுப்பும் வேலை நம்முடையது. அதுவரை தமிழ் வரும் பத்தியைக் கடைசியாக வைத்து, நடுவில் டாப் இடைவெளி இட்டு அச்சிடலாம். எண்களாவது நேராக நிற்கும்.