தவிட்டுப் பாண்: மென்மை கெடாமல் நார்ப்பொருள் சேர்த்தல்

நெல் விளைவிக்கும் கமக்காரரின் இல்லங்களிலும் காலை உணவாகப் பாண் உண்பது இன்று வழக்கமாகிவிட்டது. பாணுக்கு வேண்டிய கோதுமை பிறநாடுகளிலிருந்து வருவது. அதன் தவிடும் முளையும் நீக்கப்பட்ட பின்னரே அது வெள்ளை மாவாகிறது. அதே இல்லத்தில் விளைந்த நெல்லைக் குற்றும்போது விழும் தவிடோ மாட்டுக்கும் கோழிக்கும் போய்விடுகிறது. அதிற் குறையொன்றும் இல்லை. எனினும் அத்தவிட்டில் ஒரு கைப்பிடியை வீட்டிற் சுடும் பாணுக்கு ஒதுக்கினால், வெள்ளை மாவில் இழந்த நார்ப்பொருளை மேலதிகச் செலவின்றி ஈடுசெய்யலாம்.

நார்ப்பொருள் என்பது தாவர உணவிற் சமிபாடடையாது சிறுகுடலைக் கடந்து செல்லும் பகுதியாகும். அது மலச்சிக்கலைத் தவிர்க்கும். வயிறு நிறைந்த உணர்வையும் தரும். வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருள் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெள்ளைக் கோதுமை மா 100 கிராமில் 3 கிராமுக்கும் குறைவான நார்ப்பொருளே உண்டு. அதேயளவு நெற்றவிட்டில் ஏறக்குறைய 20 கிராம் உண்டு.

தவிட்டைத் தெரிந்தெடுத்தல்

எல்லாத் தவிடும் உண்ணத்தக்கதன்று. உமியும் தவிடும் ஒரே உருளையில் ஒருங்கே அரைபடும் பழைய முறை ஆலைகளில் விழுவது உமித்தூள் கலந்த தவிடாகும். உமியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சாம்பற்சத்து. அதிற் பெரும்பகுதி மணலில் உள்ள சிலிக்காவே. அது மாட்டுக்கே அதிகம் உதவாதது. மனிதர் உண்பதற்கு முற்றிலும் ஒவ்வாதது. இறப்பர் உருளையால் முதலில் உமியை நீக்கி, அதன்பின் அரிசியைத் தீட்டும் ஆலையின் தவிட்டையே பெறுதல் வேண்டும். வீட்டில் உரலிற் குற்றுவோர் முதலில் உமியைச் சுளகாற் புடைத்து நீக்கிவிட்டு, மறுமுறை குற்றும்போது விழும் தவிட்டை நுண்ணிய அரிதட்டில் அரித்தெடுக்கலாம். நோய்த் தடுப்பு மருந்து கலந்த விதைநெல்லையோ பூச்சிமருந்து இட்டுச் சேமித்த நெல்லையோ இதற்கென ஒருபோதும் குற்றலாகாது.

தவிட்டில் எண்ணெய் உண்டு. அவ்வெண்ணெயைச் சிதைக்கும் நொதியமும் அதிலேயே உண்டு. அரிசி முழுமையாக இருக்கும்வரை இரண்டும் வெவ்வேறாக இருக்கின்றன. தீட்டியவுடன் அவை கலந்து, சில மணி நேரத்திலேயே எண்ணெய் கெடத் தொடங்கும். சில நாட்களிற் காறலும் கசப்பும் தோன்றும். பலர் தவிட்டுப் பண்டத்தை ஒருமுறை சுவைத்துவிட்டு வெறுப்பதற்குக் காரணம் தவிடன்று, பழந்தவிடே. புழுக்கிய நெல்லின் தவிட்டில் இந்நொதியம் வெப்பத்தால் முன்னரே அழிந்துவிடுவதால், அது சற்றுக் கூடுதலான நாட்கள் நிற்கும். பச்சை நெல்லின் தவிட்டைக் குற்றிய அன்றே நீற்றுப்பெட்டியில் 15 நிமிடம் நீராவியில் அவித்து, பின் சட்டியில் இளந்தீயில் ஈரம் போக வறுத்தல் வேண்டும். ஆறியபின் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, இரு வாரங்களுக்குள் முடித்துவிடுவது நன்று.

பாண் ஏன் கடினமாகிறது?

கோதுமை மாவைக் குழைக்கும்போது அதிலுள்ள புரதம் இறப்பர் போன்ற மெல்லிய வலையாகிறது. ஈஸ்ற்றினால் உண்டாகும் வாயுவை அவ்வலை பிடித்து வைப்பதாலேயே பாண் பொங்குகிறது. தவிட்டுத் துகள்கள் அவ்வலையை அறுக்கின்றன; மாவுக்கு வேண்டிய நீரையும் உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே தவிட்டை உலர்ந்தபடியே மாவிற் கொட்டினால் பாண் செங்கல்லைப் போலாகும். முன்கூட்டியே கொதிநீரில் ஊறவைத்தால் துகள்கள் மென்மையடையும். மாவின் நீரையும் கவரமாட்டா. (பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஏற்ற அவித்த மா பாணுக்கு உதவாது. அவிக்கும்போதே அப்புரதம் கெட்டுவிடுகிறது.)

செய்யும் முறை

கோதுமை மா 450 கிராம், தவிடு 50 கிராம் என்பது ஏற்ற அளவு. முதலில் தவிட்டின் மீது 100 மில்லிலீற்றர் கொதிநீர் ஊற்றி மூடி, அரை மணி நேரம் ஆறவிடுக. அதே வேளையில், எடுத்த மாவில் 25 கிராமை 125 மில்லிலீற்றர் நீரிற் கரைத்து, இளந்தீயிற் கூழாகும்வரை துழாவி இறக்குக. இக்கூழ் நீரைப் பிடித்து வைப்பதால், பாண் மறுநாளும் மென்மையாக இருக்கும். இதனை விட்டுவிடலாகாது.

எஞ்சிய மாவுடன் ஈஸ்ற்று 2 தேக்கரண்டி, சீனி 2 தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி சேர்த்து, ஆறிய கூழையும் தவிட்டையும் இட்டு, இளஞ்சூடான நீர் 125 மில்லிலீற்றர் அளவு சிறிது சிறிதாக விட்டுக் குழைக்குக. ஐந்து நிமிடத்தின் பின் தேங்காயெண்ணெய் 2 மேசைக்கரண்டி சேர்த்து, மேலும் 10 நிமிடம் நன்றாகப் பிசைதல் வேண்டும். மா கையில் இலேசாக ஒட்டுவது குறையன்று. ஒட்டுகிறதேயென்று உலர்ந்த மாவை மேலும் மேலும் தூவுவதே பாணைக் கெடுக்கும். இருமடங்காகப் பொங்கியபின் அமுக்கி, எண்ணெய் பூசிய இரு சிறு தகரங்களில் இட்டு மீண்டும் பொங்கவிட்டு, 190 பாகை செல்சியசில் 30 முதல் 35 நிமிடம் சுடுக. அடியைத் தட்டும்போது வெற்றொலி எழுந்தால் வெந்துவிட்டது.

வெறும் மாவாற் செய்தால் இவ்விரு பாண்களிலும் 13 கிராமளவில் இருக்கும் நார்ப்பொருள், இம்முறையால் 22 கிராமளவுக்கு உயர்கிறது. தவிட்டை 100 கிராமாக்க முயல்வது வீண். மென்மை போனபின் பிள்ளைகள் அதனைத் தொடமாட்டார்கள். குரக்கன் மா விளையும் இடங்களில், 50 கிராம் கோதுமை மாவுக்குப் பதிலாக அதனையும் சேர்க்கலாம். தவிடு சேர்ந்தாலும் பாண் பாணே. நீரிழிவு உள்ளோர் அளவு மீறி உண்ண இது இடந்தராது. மேலும் நிலத்திலும் நீரிலும் உள்ள ஆசனிக்கு உள்ளரிசியிலும் தவிட்டிற் கூடுதலாகத் தங்குவதால், சிறு குழந்தைகளுக்கு இப்பாணை நாளாந்த உணவாக்காமல், இடையிடையே கொடுப்பது போதுமானது. தவிட்டுக்குப் பழகாத வயிறு முதல் வாரத்திற் சற்று ஊதக்கூடும். 20 கிராம் தவிட்டுடன் தொடங்கி, நீரும் தாராளமாகப் பருகிவந்தால் அது தணியும்.