இடியைத் தாங்கும் சிறு வில்லை

வானம் கறுத்து முதல் இடி இடித்தால் போதும், அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். எங்கள் தோட்டத்து வீட்டில் அது எழுதாத சட்டம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு மாலையில் மின்னல் எங்கோ பக்கத்தில் இறங்கியது. தொலைக்காட்சியின் பின்னாலிருந்து மெல்லிய புகை வந்தது. அப்பா மாதத் தவணையில் வாங்கிய பெட்டி அது. அது கெட்ட பிறகும் ஐந்து மாதம் தவணை கட்டினார்.

இன்று செபராங் பிறையில் ஒரு தொழிற்சாலையில் தயாரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். அந்தப் புகையைத் தடுத்திருக்கக்கூடிய பொருளைத்தான் நாங்கள் தயாரிக்கிறோம். அதன் பெயர் வேரிஸ்டர். மின்னல் பாதுகாப்புள்ள நீட்டிப்பு பிளக்குகளுக்குள் நாணயம் போல வட்டமாக இரண்டு கால்களோடு இருக்கும்.

பினாங்கில் குறைக்கடத்தி என்றாலே சில்லு, வெள்ளை அங்கி, தூசு புகாத அறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் வேலைக்குப் போனபோது கண்டது மாவும் குழம்பும் சூளையும்தான். "என்ன, பானை செய்யிற இடமா?" என்று வீட்டில் கேட்டார்கள். பாதி உண்மை. எங்கள் குறைக்கடத்தி ஒரு வகைப் பீங்கான்.

மாவிலிருந்து வில்லை வரை

மூலப்பொருள் துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள். அரிப்புக்குத் தடவும் கலமைன் மருந்தில் இருப்பதும் இதுதான். இதனோடு பிஸ்மத், ஆன்டிமனி, கோபால்ட், மாங்கனீசு ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்ப்போம். எல்லாம் சேர்ந்தாலும் சில விழுக்காடுதான். ஆனால் வேரிஸ்டரின் குணம் அந்தச் சில விழுக்காட்டில்தான் இருக்கிறது. இப்படிக் கலந்த துத்தநாகப் பீங்கானின் இயல்பை ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தைச் சேர்ந்த மிச்சியோ மட்சுவோக்கா 1971இல் ஆய்விதழில் விளக்கினார்.

தூள்களை நீர் விட்டு அரைத்துக் குழம்பாக்குவோம். அதைச் சூடான காற்றில் தெளித்தால் ரவை போல உலர்ந்து விழும். ரவையை அச்சில் அழுத்தி வில்லையாக்கிச் சூளைக்கு அனுப்புவோம். சூளையின் வெப்பம் 1,100 முதல் 1,300 பாகை செல்சியஸ் வரை போகும். வழியில் 820 பாகையை ஒட்டி பிஸ்மத் ஆக்சைடு உருகி, துத்தநாக மணிகளுக்கு இடையில் பரவும். மணிகள் ஒட்டி வளரும். 17 மில்லிமீட்டர் அகலத்தில் உள்ளே போன வில்லை ஏறத்தாழ 14 மில்லிமீட்டராகச் சுருங்கி, கல்லாக வெளியே வரும்.

இனிதான் அதிசயம். துத்தநாக மணிக்குள் மின்சாரம் எளிதாக ஓடும். ஆனால் இரண்டு மணிகள் தொடும் எல்லை ஒரு மதகு போல அதைத் தடுக்கும். ஓர் எல்லை ஏறக்குறைய 3 வோல்ட் வரை தாங்கும். அதைத் தாண்டினால் மதகு சட்டென்று திறந்துகொள்ளும். அப்படி 140 எல்லைகளுக்கு மேல் வரிசையாக அமைந்தால் 430 வோல்ட் வரை தாங்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதன் அலை உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். ஆகவே அன்றாடம் வேரிஸ்டர் தூங்கிக்கொண்டிருக்கும். மின்னலால் அழுத்தம் திடீரென எகிறும்போது, கண் இமைப்பதற்கு வெகு முன்பே மதகுகள் திறந்து, அந்த வேகத்தைத் தன் வழியாக இழுத்துக்கொள்ளும். வேகம் அடங்கியதும் மதகுகள் மூடிக்கொள்ளும்.

எனவே சூளைதான் எங்கள் வாத்தியார். வெப்பம் கூடினால் மணிகள் பெரிதாகும். மணிகள் பெரிதானால் எல்லைகள் குறையும். எல்லைகள் குறைந்தால் 430 வோல்ட் என்று முத்திரையிட வேண்டிய வில்லை அதற்கு முன்பே திறந்துவிடும்.

மூடாத பெட்டிகள்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம். வில்லைகளைத் தீ தாங்கும் பெட்டிகளில் அடுக்கி மூடி போட்டுத்தான் சூளைக்குள் அனுப்ப வேண்டும். அன்று மேல் வரிசைக்கு மூடி போதவில்லை. கிடங்குக்குப் போய் எடுத்துவர அரைமணி நேரம் ஆகும். 'மேல் வரிசைதானே' என்று திறந்தபடியே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சோதனையில் அந்தப் பெட்டிகளின் வில்லைகள் அனைத்திலும் மின்கசிவு கூடியிருந்தது. மூடியில்லாததால் பிஸ்மத் ஆவியாகிப் போயிருந்தது. பாதி வில்லைகள் வரம்பைத் தாண்டிவிட்டன. மீதிப் பாதி மயிரிழையில் வரம்புக்குள் நின்றன. அவற்றை நல்ல வில்லைகளோடு கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தகுதிகாண் காலம் முடியாத எனக்கு அந்த எண்ணம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சூளைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பழுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். என் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு வில்லையை என் கையில் வைத்தார்.

"கசியிற வில்லை சும்மா இருக்கும்போதே சூடாகும்மா. சூடானா இன்னும் கசியும். ஒரு நாள் ராத்திரி யார் வீட்டு பிளக்குலயோ தீப்பிடிக்கும். இத உங்க அம்மா வீட்டுல மாட்டுவியா?"

நான் பதில் சொல்லவில்லை. மேற்பார்வையாளரிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மேல் வரிசை முழுவதும் கழிவுக்குப் போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு

எஸ்பிஎம் தேர்வில் வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் மூன்றையும் விட்டுவிடாதீர்கள். பட்டக்கல்வியில் மூலப்பொருள் பொறியியல் என்று தேடுங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு உள்ளது. ஏட்டுக் கல்வியைவிடக் கைவேலை பிடிக்கும் என்பவர்களுக்கும் சூளை, அச்சு, சோதனைப் பிரிவுகளில் இடமுண்டு. பட்டம் இல்லாத அந்த அண்ணன், வெளியே வரும் வில்லையின் நிறத்தைப் பார்த்தே சூளையின் குறையைச் சொல்லிவிடுவார்.

போன தீபாவளிக்கு எங்கள் வேரிஸ்டர் உள்ள நீட்டிப்பு பிளக் ஒன்றை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். அதன் உள்ளே இருப்பதை விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்று மாலையே இடி இடித்தது. அம்மா எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினார்.

நான் சிரிக்கவில்லை. மின்னல் நேராக வீட்டின் மேலேயே விழுந்தால் இந்தச் சிறு வில்லையால் தாங்க முடியாது. தாங்கிய ஒவ்வோர் அடியிலும் அது கொஞ்சம் தேயவும் செய்யும். அம்மா செய்வதுதான் சரி. அவர் வீட்டில் இல்லாத நேரத்துக்குத்தான் என் வில்லை.